கண் களைக்காமல் மின்னூல் படிக்க: வேலூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிப் பாடநூல்களைச் செல்போனில் இறக்கி வைத்துக்கொண்டு டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள், காட்பாடியில் ரயில் ஏறித் தினமும் சென்னைக்குப் போய்வருபவர்கள், ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில் அழைப்பு வரும்வரை ஏதாவது வாசித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவான புகார் ஒன்று உண்டு. அரை மணி நேரம் படித்தால் கண் எரிகிறது, நெற்றி கனக்கிறது. அதைச் சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் நீல ஒளிக் கண்ணாடி வாங்கச் சொல்வார், இல்லாவிட்டால் மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கிண்டில் கருவியை (இ-ரீடர்) வாங்கச் சொல்வார். கிண்டில் கடைசியில் யோசிக்க வேண்டியது. நீல ஒளிக் கண்ணாடி இந்தக் களைப்புக்குத் தேவையே இல்லை.

முதலில் கோப்பு, அடுத்து எழுத்தளவு, அடுத்து வெளிச்சம், பிறகு கண்ணின் பவர், எல்லாம் முடிந்தபின் கருவி. இந்த வரிசையில் போங்கள். முதல் மூன்றுக்கும் செலவே கிடையாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

1. உங்களுடையது எந்த வகைக் களைப்பு?

கண் வலிக்கிறது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் நான்கு வேறு தொல்லைகள் இருக்கின்றன. மணல் விழுந்ததுபோல் உறுத்தி, எரிந்து, நடுவில் நீர் வழிந்தால் அது கண் உலர்வு. நீர் வழிகிற கண் எப்படி உலர்ந்த கண்ணாகும் என்று தோன்றும். கண்ணின் மேற்பரப்பு காய்ந்து எரிச்சல் தொடங்கியதும் அதைத் தணிக்க உடம்பு மொத்தமாக நீரைக் கொட்டுகிறது; அந்த நீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் ஓடிவிடுகிறது.

புருவத்துக்கு மேல் கனம், படித்துவிட்டு நிமிர்ந்தால் சுவர்க் கடிகாரம் சில நொடிகள் மங்கலாகத் தெரிவது: இது கிட்டத்தில் பார்ப்பதற்காகக் கண்ணுக்குள் சுருங்கும் தசையின் களைப்பு. எழுத்து சிறியதாக இருக்கலாம், போன் மிக அருகில் இருக்கலாம், பவர் மாறியிருக்கலாம். திரையைப் பார்த்ததும் கூசினால் வெளிச்சம் பொருந்தவில்லை. பின்கழுத்திலிருந்து மண்டைக்கு ஏறும் வலி, உட்காரும் விதத்தால் வருவது.

மூன்று நாள் ஒரு தாளில் குறித்து வாருங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை நிமிடத்தில் தொல்லை வந்தது, மேலே சொன்னதில் எந்த வகை, எந்தப் புத்தகம், எந்த அறை. குறிப்பிட்ட ஒரு கோப்பில் மட்டும் தொல்லை வருகிறதா, எல்லாவற்றிலுமா என்பது இந்தத் தாளில் தெரிந்துவிடும். கண் டாக்டரிடம் போக நேர்ந்தால் இதையே எடுத்துப் போகலாம்.

2. கோப்பு எந்த இனம் என்று பாருங்கள்

தமிழில் மின்னூல் படிப்பவர்களுக்குக் கண் களைப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் கோப்பின் இனம். நம் கையில் வந்து சேரும் புத்தகங்களில் பெரும்பகுதி பிடிஎஃப். அவற்றில் மூன்று இனம் உண்டு. திரையில் ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பாருங்கள்.

எதுவும் தேர்வாகவில்லை, அல்லது பக்கம் முழுக்க ஒரே படமாகத் தேர்வாகிறது என்றால் அது ஸ்கேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் உள்ள பழைய நூல்கள் அனேகமாக இந்த இனம்தான். இதில் எழுத்தளவை மாற்றவே முடியாது. பக்கத்தைப் பெரிதாக்கலாம், அவ்வளவே.

சொல் தேர்வாகிறது, ஆனால் நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பையாக வருகிறது என்றால் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினி, டாம், டாப், டிஸ்கி போன்ற குறியாக்கங்கள் இந்த வகை. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் மூலக் குறியாக்கத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடாக (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியாக்கமாக) மாறிவிடும். எந்தக் குறியாக்கம் என்று தெரியாவிட்டால் முதலில் ஒரே ஒரு பத்தியை மட்டும் போட்டு ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். முழுப் புத்தகத்தையும் மாற்றிவிட்டுப் பிழை தேடாதீர்கள்.

ஒட்டியதும் தமிழாகவே வந்தால் யூனிகோடு. இதுதான் கைக்கு அடங்குகிற இனம். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பிடிஎஃப்பில் கொம்பும் காலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தனித்தனித் துண்டாகப் பதிந்திருக்கும். அதனால் காலிபர் மென்பொருளில் போட்டு இபப் (எழுத்தளவை விருப்பம்போல் மாற்ற முடிகிற மின்னூல் வடிவம்) ஆக்கினால் ‘கொ’ ‘கோ’ இருக்கும் இடமெல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறலாம். மாற்றியவுடன் முதல் பத்துப் பக்கத்தில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வரும் சொற்களைப் பாருங்கள். சிதறியிருந்தால் அந்த மாற்றத்தை விட்டுவிடுங்கள். அப்படியே படித்தால் ஒவ்வொரு சொல்லையும் மூளை திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கும். ஸ்கேனைவிட அது அதிகம் களைக்கவைக்கும்.

3. ஸ்கேன் பக்கத்தை அச்சுப் புத்தகத்தின் அளவுக்குக் கொண்டுவருவது

ஒரு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பதிப்பகங்கள் அதிகம் அச்சிடும் டெம்மி 1/8 அளவின் அகலம் ஐந்தரை அங்குலம், அதாவது சுமார் 140 மில்லிமீட்டர். இருபுற ஓரம் போக அச்சிட்ட பகுதி 105 முதல் 110 மில்லிமீட்டர் இருக்கும். ஆறரை அங்குலச் செல்போனை நேராகப் பிடித்தால் திரையின் அகலம் 70 மில்லிமீட்டருக்குள். முழுப் பக்கத்தையும் அதில் காட்டினால் எழுத்து அச்சில் இருந்ததில் பாதியாகச் சுருங்குகிறது. எட்டு பாயிண்ட் அடிக்குறிப்பு நான்கு பாயிண்டாகிறது. பழைய நூலின் ஸ்கேனில் புள்ளி கரைந்து ‘க்’ எது ‘க’ எது என்று தெரியாது; காலும் ரகரமும் ஒன்றாகத் தெரியும். இப்படி ஊகித்து ஊகித்துப் படிப்பதுதான் களைப்பு. திரையின் மேல் பழி போடுவதில் நியாயமில்லை.

இப்போது ஓரங்களை வெட்டுங்கள். ரீட்எரா, லிப்ரெரா, கேஓரீடர் போன்ற செயலிகளில் ஓரம் வெட்டும் வசதி இருக்கிறது. வெட்டியபின் நேராகப் பிடித்தால் எழுத்து அச்சளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஏறும். அதே பக்கத்தைப் போனைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பாருங்கள்: திரை அகலம் சுமார் 150 மில்லிமீட்டர் ஆகிவிடுவதால் எழுத்து அச்சுப் புத்தகத்தைவிடப் பெரிதாகத் தெரியும். ஒரு பக்கத்தை மூன்று நான்கு தவணையாகத் தள்ளிப் படிக்க வேண்டியிருக்கும். அந்தத் தொந்தரவு கண்ணுக்கு வராது, விரலுக்குத்தான்.

வெட்டும்போது நடக்கும் தவறு: இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஓரம் ஒரே மாதிரி இருக்காது, தைத்த பக்கம் அகலமாக இருக்கும். ஒரே அளவில் வெட்டினால் ஒற்றைப்படைப் பக்கங்களில் கடைசி எழுத்து காணாமல் போகும். ஒற்றைக்கும் இரட்டைக்கும் தனித்தனியே வெட்டும் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். கணினி இருந்தால் பிரிஸ் என்ற இலவச மென்பொருளில் பக்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்துக்கொண்டே வெட்டலாம். 300 பக்க நூலுக்குப் பத்து நிமிடம் ஆகும்.

வெளிறிய ஸ்கேனாக இருந்தால் கான்ட்ராஸ்ட்டை ஏற்றுங்கள். கேஓரீடரில் பக்கத்தின் அடியைத் தட்டினால் வரும் பட்டியிலேயே அது இருக்கிறது. அளவுக்கு மீறி ஏற்றினால் ‘ண’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டு மைக்கறையாகிவிடும். சுழிக்குள் வெள்ளை தெரியும் அளவோடு நிறுத்துங்கள்.

ஸ்கேனைச் சொல்லாக மாற்றி எடுக்கவும் வழியுண்டு. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழைப் படித்துச் சொல்லாக்கித் தரும். சில பக்கங்களாகப் பிரித்து ஏற்றுங்கள். பெரிய கோப்பு பாதியில் நின்றுவிடும். நல்ல அச்சுக்கு நன்றாக வரும், பழைய ஈயஅச்சு நூலுக்குப் பிழை மலியும். பாடல்கள், அட்டவணைகள் உள்ள நூலுக்கு இது வேண்டாம்.

பாடநூல் பிடிஎஃப் தனிக் கதை. பக்கம் பெரிது, வண்ணப் பெட்டிகளும் படங்களும் நெருங்கியிருக்கும், ஓரம் வெட்டினாலும் கிடைப்பது கொஞ்சம்தான். செல்போனில் வேண்டுமானால் கிடைமட்டமாகப் பிடிப்பதுதான் ஒரே வழி. பத்து அங்குல டேப்லெட்டில் நேராகப் பிடித்தாலே போதுமான அளவு கிடைக்கும். திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய அத்தியாயங்களை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் இருபுறமும் அடித்து ஸ்பைரல் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். டேப்லெட் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. முடிந்தவரை இபப் தேடுங்கள். எழுத்தை இப்படி வையுங்கள்

ஒரே நூல் பிடிஎஃப்பாகவும் இபப்பாகவும் கிடைத்தால் யோசிக்காமல் இபப் எடுங்கள். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் ஒவ்வொரு நூலும் இபப், மோபி, ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குலப் பிடிஎஃப் என்று பல வடிவங்களில் இருக்கும். முதலில் கண்ணில் படுவதைத் தட்டி ஏ4 பிடிஎஃப்பை இறக்கிவிட்டு எழுத்து சிறிது என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் யூனிகோடில் கிடைக்கும். அதன் வலைப்பக்க வடிவத்தைச் சேமித்துக் காலிபரில் இபப்பாக மாற்றினால் கொம்பு சிதறாமல் வரும்.

இபப்பில் செய்ய வேண்டியவை.

எழுத்தளவு: நீங்கள் படிக்கும் தூரத்தில் கருவியை வைத்து, பிறகு அதே பக்கத்தை இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளுங்கள். அங்கேயும் தட்டுத் தடுமாறியாவது படிக்க முடிந்தால் அளவு சரி. முடியாவிட்டால் ஒரு படி ஏற்றுங்கள். படிக்க முடிகிற மிகச் சிறிய எழுத்தில் தொடர்ந்து படிப்பது, எல்லையில் சுமை ஏற்றிய வண்டியை மேட்டில் ஓட்டுவதைப் போன்றது.

வரி இடைவெளி: ஆங்கிலத்துக்குப் போதுமான 1.2 தமிழுக்குப் போதாது. மேலே விசிறியும் (‘கி’, ‘கீ’யின் மேல்வளைவு) புள்ளியும் ஏறுகின்றன. கீழே ‘ழு’, ‘ஞ’, ‘மூ’ இறங்குகின்றன. மேல்வரியின் வாலும் கீழ்வரியின் விசிறியும் முட்டிக்கொண்டால் கண் வரி தவறும். 1.5 அல்லது 1.6 வையுங்கள்.

சீர்செய்தல்: இருபுறமும் ஒட்டச் சீராக்கும் தேர்வை அணைத்து, இடப்பக்கம் மட்டும் சீராக வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘கேட்டுக்கொண்டிருந்தார்களென்று’ போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்குத் தாவினால், மீந்த மூன்று சொற்களைச் செயலி இழுத்துப் பரப்பி நடுவில் பள்ளம் விட்டுவிடும். சொல்லை ஒடித்து இணைப்புக்கோடு போடும் வசதியும் வேண்டாம். சில செயலிகள் தமிழைக் கண்ட இடத்தில் ஒடிக்கின்றன.

எழுத்துரு: நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் மூன்றும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மெல்லிய எடையைத் தவிர்த்து, ரெகுலர் அல்லது மீடியம் எடுங்கள்.

5. வெளிச்சத்தைப் பொருத்துவது

நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமான விளக்கொளியில், ஒரு வெள்ளைத் தாளைத் திரையை ஒட்டிப் பிடியுங்கள். திரை தாளைவிட விளக்குபோல் ஒளிர்ந்தால் பிரைட்னெஸ் அதிகம். தாளைவிடச் சாம்பலாக இருந்தால் குறைவு. இரண்டும் ஒரே வெண்மையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பகலில் சன்னலோரம் ஒரு அளவு, இரவு டியூப்லைட்டில் ஒரு அளவு வரும். தானியங்கி பிரைட்னெஸ் இதை ஓரளவு செய்யும், ஆனால் மின்விசிறி நிழல் விழுந்தாலும் ஏற்றி இறக்கும் போன்கள் உண்டு. அப்படியானால் அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்து, திரையை அணைத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். டியூப்லைட்டோ சன்னலோ தெரிந்தால், படிக்கும்போதும் அது எழுத்தின் மேல் படர்ந்திருக்கிறது. நாற்காலியைத் திருப்புங்கள். விளக்கு உங்கள் தோளுக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில் இருப்பது நல்லது. பளபளப்பான டெம்பர்ட் கிளாஸுக்குப் பதில் மேட் கார்டு ஒட்டினால் பிரதிபலிப்பு குறையும், எழுத்தின் கூர்மையும் கொஞ்சம் குறையும். சிறிய எழுத்துக்காரர்களுக்கு அது ஒத்துவராது.

கரண்ட் போன இருட்டில் போன் வெளிச்சத்தில் மட்டும் படிக்காதீர்கள். எமர்ஜென்சி லைட்டைப் பின்னால் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கண்ணுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளி கசிந்து விளிம்பு மங்கும். நீண்ட வாசிப்புக்கு மங்கிய மஞ்சள் பின்னணியும் அடர்சாம்பல் எழுத்தும் பெரும்பாலோருக்கு ஒத்துவருகிறது.

நீல ஒளி பற்றி: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 17 சோதனைகளை எடுத்துப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால், நீல ஒளி வடிகட்டும் கண்ணாடி கண் களைப்பைக் குறைப்பதாகக் குறுகிய காலச் சோதனைகளில் தெரியவில்லை என்பது அதன் முடிவு. கண்ணாடிக் கடையில் அந்தப் பூச்சுக்குத் தனியே பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சுக்குக் கொடுங்கள், அது பயன்படும்.

ஓலெட் திரையுள்ள போன்களில் இன்னொரு விஷயம். பிரைட்னெஸ்ஸை மிகவும் இறக்கினால் பல மாடல்கள் ஒளியை வேகமாக அணைத்து ஏற்றி மங்கலாக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, சிலருக்குத் தலை வலிக்கும். இன்னொரு போனின் கேமராவை அதன்மேல் காட்டுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் துடிப்பு இருக்கிறது. பிரைட்னெஸ்ஸைப் பாதிக்கு மேல் வைத்து, ஆண்ட்ராய்டு 12 முதல் வந்த எக்ஸ்ட்ரா டிம் வசதியால் மங்கலாக்குங்கள்.

6. சிமிட்டல், காற்று, வேலூர் வெயில்

சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தடவைபோல் கண் சிமிட்டுகிறோம். திரையில் ஆழ்ந்தால் அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது, அதுவும் அரைகுறையாக மூடித் திறக்கிறோம். வேலூர் வெயிலில் காற்றே வறண்டிருக்கிறது. அதில் டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு படித்தால் கண் உலராமல் என்ன செய்யும்? ஃபேனைக் கால்பக்கம் திருப்புங்கள். ஏசி காற்றும் முகத்தில் நேரே அடிக்கக் கூடாது. கருவியைக் கண்மட்டத்துக்குக் கீழே, புத்தகம் பிடிப்பதுபோல் பிடியுங்கள். பார்வை தாழ்ந்திருந்தால் இமை பாதி மூடியிருக்கும், ஈரம் குறைவாக ஆவியாகும்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள எதையாவது 20 நொடி பாருங்கள். மொட்டை மாடியோ சன்னலோ இருந்தால் மலையைப் பாருங்கள்; வேலூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை தெரியும். அந்த 20 நொடியில் பத்துத் தடவை கண்ணை முழுதாக மூடித் திறங்கள். கடிகாரம் பார்க்க மறந்துபோகும் என்பதால் டைமர் வையுங்கள், அல்லது இத்தனை பக்கத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னமும் உறுத்தினால் கண்ணுக்கு ஈரம் தரும் சொட்டு மருந்து உதவும். மருந்துக் கடையில் கண் சிவப்பாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். சிவப்பைக் குறைக்கும் சொட்டும், ஸ்டீராய்டு கலந்த சொட்டும் கைக்கு வரக்கூடும். ஸ்டீராய்டை டாக்டர் எழுதித் தராமல் நாட்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரலாம். ஈரச் சொட்டையே ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால் பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காக்கும் பொருள்) சேர்க்காத வகையைக் கேளுங்கள். சாதாரணப் பாட்டிலைத் திறந்த தேதியை மேலே எழுதிவைத்து, ஒரு மாதத்தில் தூக்கிப் போடுங்கள்.

7. பவர் செக்: என்ன எடுத்துப் போவது, என்ன சொல்வது

மேலே சொன்னதெல்லாம் செய்து இரண்டு வாரமாகியும் நெற்றிக் கனம் போகவில்லை என்றால் பவர் பாருங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். வெள்ளெழுத்து யாரையும் விடுவதில்லை. போனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பிடிக்கத் தொடங்கியிருந்தால் அதுதான்.

வேலூரில் ஆரணி ரோட்டில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு உண்டு. புறநோயாளிச் சீட்டுக்குப் பணம் இல்லை. ராணிப்பேட்டைக்காரர்கள் வாலாஜாவில் உள்ள அரசு தலைமை மருத்துவமனையையும், திருப்பத்தூர்க்காரர்கள் தங்கள் ஊர் அரசு மருத்துவமனையையும் முதலில் பார்க்கலாம். எங்கே போனாலும் காலையிலேயே போங்கள், அரை நாளை ஒதுக்குங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: ஆதார், பழைய பவர் சீட்டு, இப்போது போடும் கண்ணாடி, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, முதல் படியில் எழுதிய தாள். சர்க்கரை உள்ளவர்கள் சமீபத்திய ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கொண்டு போங்கள். சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் பவரும் மாறும். அப்போது எடுத்த அளவில் கண்ணாடி போட்டால் அடுத்த மாதம் பொருந்தாது. கட்டுக்குள் வந்து சில வாரம் ஆனபின் அளவெடுங்கள்.

வீட்டிலேயே இன்ச் டேப்பால் படிக்கும் தூரத்தை அளந்து வாருங்கள். கண்ணிலிருந்து திரை வரை எத்தனை சென்டிமீட்டர்? நூறை அந்த எண்ணால் வகுத்தால் அந்தத் தூரத்துக்குக் கண் செய்ய வேண்டிய வேலை டயாப்டரில் (பவரை அளக்கும் அலகு) கிடைக்கும். 33 சென்டிமீட்டரில் செல்போன் பிடித்தால் 3. 40இல் இ-ரீடர் பிடித்தால் 2.5, 60இல் லேப்டாப் இருந்தால் 1.7க்கும் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் பெரியது. வழக்கமாகப் படிக்கும் பவரை 40 சென்டிமீட்டருக்கு வைத்தே பார்த்துவிடுவார்கள். நீங்கள் லேப்டாப்பில் படிப்பவராக இருந்தால் அதை வாய்விட்டுச் சொன்னால்தான் அதற்கேற்ற பவர் எழுதுவார்கள்.

இயந்திரத்தில் கண்ணை வைத்து எடுத்த அளவோடு நிறுத்திவிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு எது தெளிவு என்று உங்களைக் கேட்க வேண்டும். கடைசியில் உங்கள் போனையே எடுத்து, படிக்கும் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். சீட்டில் இரு கண்ணுக்கும் ஸ்பியர், சிலிண்டர், ஆக்சிஸ், கிட்டத்தில் படிப்பதற்கான கூடுதல் பவர், இரு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரம் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடுவது சகஜம். கேட்டு எழுதி வாங்குங்கள்.

கண்ணில் சொட்டு விட்டு விழித்திரை பார்த்தால் நான்கைந்து மணி நேரம் கிட்டத்தில் தெரியாது, வெயில் கூசும். அன்று டூவீலர் ஓட்டாதீர்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் விற்கும் ரெடிமேட் கண்ணாடி, இரு கண்ணுக்கும் ஒரே பவர் உள்ளவருக்கு, சிலிண்டர் இல்லாதவருக்கு, அவசரத்துக்கு ஆகும். மற்றவர்களுக்கு அதுவே தலைவலியாகும். புதிதாகப் புரோக்ரசிவ் லென்ஸ் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ்) போடுபவர்களுக்குப் படிக்கும் பகுதி அடியில் குறுகலாக இருக்கும். பழக ஒன்று இரண்டு வாரம் பிடிக்கும். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் படிப்பவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளப் படிப்புக்கு மட்டும் தனியாக ஒற்றைப் பவர் கண்ணாடி செய்துகொள்வது மலிவு, கழுத்துக்கும் நிம்மதி.

8. இ-ரீடர் வாங்கலாமா?

மாதம் இரண்டு புத்தகத்துக்கு மேல் படிக்கிறீர்கள், அவை பெரும்பாலும் இபப்பாகவோ கிண்டில் கடையிலோ கிடைக்கின்றன என்றால் வாங்குங்கள். இ-இங்க் திரை தானாக ஒளிராது, அறை வெளிச்சத்தில் தாள்போல் தெரியும். முன்விளக்கு திரையின் மேற்பரப்பில் பரவும். ஏழு அங்குல கிண்டில் பேப்பர்ஒயிட் 2025இல் இந்தியாவில் 16,999 ரூபாய்க்கு வந்தது. அதன் திரை அகலம் சுமார் 107 மில்லிமீட்டர். மூன்றாம் படியில் அளந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: ஓரம் வெட்டிய டெம்மி பக்கம் அதில் அச்சளவிலேயே உட்காரும். ஆறு அங்குலத்தில் அகலம் 91 மில்லிமீட்டர்தான். ஸ்கேன் நூல்கள் படிப்பவர்கள் ஆறு அங்குலம் வாங்கிவிட்டு வருந்துவது இதனால்தான். பாடநூலுக்காக இரண்டையும் வாங்க வேண்டாம்.

உங்கள் கோப்புகளை மின்னஞ்சலில் கிண்டிலுக்கு அனுப்பினால் 50 எம்பி வரைதான் ஏற்கும். இணையப் பக்கம் வழியாக 200 எம்பி. மோபியை இப்போது ஏற்பதில்லை, இபப் அனுப்புங்கள். பிடிஎஃப்பை அனுப்புமுன் ஓரம் வெட்டிவிடுங்கள். இபப்பில் தமிழ் எழுத்து மெல்லியதாக, வெளிறித் தெரிந்தால் தடிமனை ஒன்றிரண்டு படி ஏற்றுங்கள்.

அமேசான் சொல்லும் இயங்கு வெப்பநிலை 35 டிகிரி வரை. கத்திரி வெயிலில் இங்கே 40ஐத் தாண்டும். நிறுத்திய காரிலும், டூவீலர் டிக்கியிலும், மாடியில் வெயில் படும் இடத்திலும் வைக்காதீர்கள்.

9. ரயில், பஸ், படுக்கை

காட்பாடி–சென்னை விரைவு ரயிலில் படிக்கலாம். முழங்கையை மடியில் ஊன்றி எழுத்தை ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வேண்டாம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண் எழுத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டும். ஆம்பூர் வருவதற்குள் குமட்டும். யூனிகோடு இபப்பாக இருந்தால் செயலியின் குரல் வாசிப்பைப் போட்டுக் காதில் கேட்டுக்கொண்டே போகலாம். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் தமிழ்க் குரலை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருக்களித்துப் படுத்துப் படித்தால் ஒரு கண் திரைக்கு அருகிலும் மற்றது தள்ளியும் இருக்கும். முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருங்கள். டேப்லெட்டைக் கையில் தூக்கிப் பிடிக்காமல் வியாசப் பலகை (புத்தகத்தை வைத்துப் படிக்கும் பலகை) மேல் வைத்தால் தூரம் மாறாது, மணிக்கட்டும் வலிக்காது.

10. களைப்பு என்று விட்டுவிடக் கூடாதவை

திடீரென்று மின்னல்போல் ஒளி வெட்டுவது, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, பார்வையின் ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் மறைவது, வலியோடு விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரிவது, ஒரு கண்ணில் மட்டும் மங்குவது, நேர்கோடு வளைந்து தெரிவது. இவற்றில் எது வந்தாலும் பிரைட்னெஸ்ஸை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே கண் டாக்டரிடம் போங்கள்; இரவாக இருந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.